முலாம் பூசிய இரும்புச் சாமான்களின் துரு தாங்கும் சக்தியைப் பரீட்சித்தல்

திருத்துறைப்பூண்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் இரும்புச் சாமான் வைத்து ஆளும் குடியானவர்களுக்குத் துருவைப் பற்றிப் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்கே முத்துப்பேட்டைக் காயலும் அலையாத்திக் காடும், தென்கிழக்கே வேதாரணியத்து உப்பளங்களும், கிழக்கே வங்காள விரிகுடாவும் இருக்க, நடுவில் நாம் நெல் விளைவிக்கிறோம். 1930-ம் வருஷத்தில் உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு வேதாரணியம் தகுந்த ஸ்தலமாயிற்று. அவ்வுப்பே ஐப்பசி கார்த்திகை மாதங்களில் வாடைக்காற்றோடு கண்ணுக்குத் தெரியாமல் வந்து, நமது தகரக் கூரைகளிலும், முள்கம்பி வேலிகளிலும், டிராக்டரின் கேஜ் வீலிலும் படிகிறது. இரும்பின் மேல் பூசப்பட்டுள்ள நாகமுலாமோ வர்ணமோ இதை எவ்வளவு தாங்கும் என்பதைச் சாமானை வாங்குமுன் பரீட்சித்தறியும் வழிகளை இவ்வியாசத்தில் விவரிப்போம்.

இவ்விஷயத்தை எழுதத் தூண்டியது ஒரு நஷ்டம். 2011-ம் வருஷத்தில், தெற்கே கடலை நோக்கிய ஒரு கிராமத்தில் குடியானவர்கள் சிலர் சேர்ந்து விதை வைப்பதற்கு ஒரு தகரக் கொட்டகை போட்டார்கள். தகடுகளைச் சட்டத்தோடு பிணைக்கும் கொக்கிப் போல்ட்டுகளை அவர்கள் வாங்கி வந்து என்னிடம் காட்டினார்கள். புதுக் காசு போல மின்னிய அவற்றைக் கையில் வாங்கிப் பார்த்து, நல்ல சாமான் என்று நானே சொன்னேன். 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் கஜாப் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையில் கரை கடந்தபோது, அக்கொட்டகையின் கூரைத் தகடுகள் பெரும்பாலும் பறந்துவிட்டன. தை அறுவடைக்கு முன் சம்பா வயல்களில் தெளிப்பதற்கென்று வைத்திருந்த பதினொரு மூட்டை உளுந்து விதை நனைந்து முளை கட்டிப் போயிற்று. மறுவாரம் போய்ப் பார்த்தேன். தகடுகள் கிழியவில்லை. போல்ட்டுகளே அறுந்திருந்தன. எட்டு மில்லிமீட்டர் கனமிருந்த தண்டு, வாஷருக்கு அடியில் ஜலம் தங்கும் இடத்தில், சுமார் பாதியாகத் தேய்ந்திருந்தது. "பளபளப்பாய் இருந்ததே என்று வாங்கினோம். ஐயாவும் சரியென்று சொன்னீர்கள்" என்றார் அங்கிருந்த பெரியவர் ஒருவர். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு நான் சொல்லக்கூடிய சமாதானம் ஒன்றுமில்லை. நல்ல போல்ட்டாக இருந்திருந்தால் அந்தப் புயலுக்கு நின்றிருக்கும் என்று சத்தியம் செய்ய இயலாது. எனினும் அடுத்த தெருவில் வேறு போல்ட்டு போட்டிருந்த அதே அளவுக் கொட்டகை ஒன்று நான்கு தகடுகளை மட்டும் இழந்து நின்றதையும் சொல்லியாக வேண்டும்.

உப்பு ஏன் இவ்வளவு கெடுதல் செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. இரும்பு துருவேறுவதற்கு ஜலமும் காற்றிலுள்ள பிராணவாயுவும் இரண்டும் வேண்டும். உப்பு, காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுத்து ஜலமாக்கிக்கொள்ளும் குணமுடையது. சுத்தமான சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 ஆகும்போது கசியத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ ஈரப்பதம் நூற்றுக்கு 33 இருந்தாலே கசியும். நமது பிரதேசத்தில் இரவில் ஈரப்பதம் இவ்வளவுக்குக் குறைவது அபூர்வம். ஆகவே உப்புப் படிந்த இரும்பு, மழை பெய்யாத காலத்திலும் நனைந்தே கிடக்கிறது என்று கொள்ள வேண்டும். சமையலறை உப்பு ஜாடி காலையில் கசிந்திருப்பதைக் கண்ட பெண்மக்களுக்கு இது தெரிந்த விஷயமே. மேலும் உப்பு கரைந்த ஜலம் மின்சாரத்தை எளிதாகக் கடத்துமாதலால், துருவேறும் ரஸாயனக் காரியமும் துரிதப்படுகிறது.

இரும்பின் மேல் துத்தநாகத்தைப் பூசும் முறைக்குப் பிரான்சு தேசத்து ஸோரல் என்பவர் 1837-ம் வருஷத்தில் உரிமை பெற்றார். அதற்கு முன்பே, 1824-ல், இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி, கப்பல்களின் அடியில் அடித்த செம்புத் தகடுகளோடு துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டுகளை இணைத்தால் அத்துண்டுகள் கரைந்து செம்பு காக்கப்படும் என்று காட்டியிருந்தார். நாகமுலாமின் தத்துவமும் இதுவே. வர்ணம் இரும்பை மூடுவதால் மாத்திரம் காக்கிறது. கீறல் விழுந்த இடத்தில் அதன் காவல் போய்விடும். துத்தநாகமோ, சிறு கீறல் விழுந்த இடத்திலும் தான் முதலில் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். அது கரைந்து தீரும் வரையில்தான் இந்த உபகாரம். எனவே முலாம் எவ்வளவு கனமாயுள்ளது என்பதே முக்கியமான கேள்வி.

இங்கேதான் நான் ஏமாந்தேன். நாகமுலாம் இரண்டு விதம். ஒன்று, சுமார் 450 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் உருக்கிய துத்தநாகத்தில் சாமானை முழுக்கி எடுப்பது. இதில் முலாம் பொதுவாக 45 முதல் 85 மைக்ரான் வரை கனமாக ஏறும். (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பாகம் ஒரு மைக்ரான்.) மற்றொன்று, மின்சாரத்தின் உதவியால் துத்தநாகத்தைப் படிய வைப்பது. கடைகளில் கிடைக்கும் இவ்வகைப் போல்ட்டு, ஸ்குரூக்களில் முலாம் பெரும்பாலும் 5 முதல் 8 மைக்ரானுக்குள் அடங்கும். முழுக்கி எடுத்தது மங்கிய சாம்பல் நிறமாய், சிற்சில இடங்களில் திட்டுத் திட்டாகக் கரடுமுரடாகவும் இருக்கும். மின்சார முலாமோ வழவழப்பாய் வெள்ளி போலும், சில சமயம் இலேசான மஞ்சள் அல்லது நீல ஒளி வீசியும் காணப்படும். மின்னுகிற சாமானைக் கண்டு நல்லதென்று எண்ணுவது இயற்கை. ஆனால் இவ்விஷயத்தில் அழகற்றதே உழைக்கக்கூடியது. பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்துள்ள உட்கட்டுச் சாமான்களுக்கு மின்சார முலாம் தாராளமாகப் போதும். கடற்காற்று படும் கூரைக்கு அது உதவாது.

இதைக் கண்டுபிடிக்கும் பரீட்சைக்கு வேண்டிய சரக்கு குடியானவர்கள் பலரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது மயில்துத்தம். போர்டோக் கலவை தயாரிக்கும்போது, கலவை சரியாயிருக்கிறதா என்று பார்க்கத் துடைத்த கத்தியையோ அரிவாளையோ அதில் சற்று நேரம் வைப்பதுண்டு. கத்தியில் செந்நிறம் ஏறினால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டுமென்று அறிகிறோம். அச்செந்நிறம் கரைசலிலிருந்து இரும்பின் மேல் படிந்த செம்பேயாகும். முலாமைப் பரீட்சிப்பதும் இவ்வுண்மையைக் கொண்டுதான். மயில்துத்தக் கரைசலில் துத்தநாகம் பட்டால் செம்பு கருப்புப் பொடியாக ஒட்டாமல் படியும். விரலால் துடைத்தால் போய்விடும். துத்தநாகம் தீர்ந்து இரும்பு வெளிப்பட்ட இடத்தில் மாத்திரம் செம்பு சிவந்து பளபளப்பாய் அழுந்தப் பிடிக்கும். எத்தனை முறை முழுக்கிய பின் சிவப்பு தோன்றுகிறதோ அத்தனைக்கத்தனை முலாம் பலமானது. இதற்குப் பிரீஸ் பரீட்சை என்று பெயர். இந்திய நிர்ணயங்களில் 2633 என்ற எண்ணுள்ளது இதைப் பற்றியதே.

கரைசல் செய்யும் விதம்: ஒரு லிட்டர் ஜலத்துக்கு 360 கிராம் மயில்துத்தப் பளிங்கு வீதம் இலேசாகச் சூடு செய்து கரைக்க வேண்டும். நமது பக்கத்துக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பாகையால் அதை உபயோகிக்கலாகாது. பாட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த ஜலம் அல்லது சுத்தமாகப் பிடித்த மழை ஜலம் நலம். பாத்திரம் கண்ணாடி, பீங்கான் அல்லது பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். இரும்பு, தகரப் பாத்திரங்களில் ஊற்றினால் பாத்திரமே பரீட்சைக்கு உள்ளாகிவிடும். கரைசலில் மிகுதியாயுள்ள புளிப்பை முறிக்க லிட்டருக்கு ஒரு கிராம் செம்பு ஹைட்ராக்சைடு போட்டுக் கலக்கி ஒரு நாள் வைத்துத் தெளிவை வடிகட்டிக்கொள்வது முறை. அது கிடைக்காதபோது நான் சலவைச் சோடாக் கரைசலைச் சில சொட்டுகள் விட்டு, நிலையான இலேசான கலங்கல் கண்டதும் நிறுத்தி, மறுநாள் வடிகட்டி உபயோகித்து வருகிறேன். திட்டமான கரைசலின் ஒப்படர்த்தி 1.186 இருக்க வேண்டும்.

பரீட்சிக்கும் சாமானைப் பெட்ரோலால் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து உலர்த்தி, கரைசலில் அசைக்காமல் சரியாக ஒரு நிமிஷம் வைத்து எடுக்கவும். உடனே ஓடும் ஜலத்தில் கழுவி, கருப்புப் பொடியை மெல்லிய தூரிகையால் அகற்றி, துடைத்துப் பார்க்கவும். சிவப்பு இல்லையேல் மறுபடி ஒரு நிமிஷம். இவ்விதம் எண்ணிக்கொண்டு போக வேண்டும். அறுத்த முனைக்கு 25 மில்லிமீட்டருக்குள் தோன்றும் சிவப்பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சில சமயம் துத்தநாகத்தின் மேலேயே செம்பு ஒட்டிக்கொண்டு ஏமாற்றுவதுமுண்டு. சந்தேகமான இடத்தில் செம்பைக் கத்தியால் சுரண்டிவிட்டு ஹைட்ரோகுளோரிக் திராவகம் ஒரு சொட்டு விட்டால், அடியில் துத்தநாகம் மிஞ்சியிருந்தால் நுரை பொங்கும்.

ஒரு எச்சரிக்கை. விதிப்படி கரைசல் 18 டிகிரி உஷ்ணத்தில் இருக்க வேண்டும். திருத்துறைப்பூண்டியில் மார்கழி விடியற்காலையிலும் இந்த உஷ்ணம் கிடைப்பது அரிது. உஷ்ணம் கூடினால் கரைசல் முலாமை வேகமாக அரிக்கும். ஆகையால் புத்தகத்தில் கண்ட எண்ணிக்கையோடு நமது எண்ணிக்கையை ஒப்பிட்டுச் சாமானைக் கழிப்பது நியாயமன்று. நல்லதென்று நிச்சயமாய்த் தெரிந்த ஒரு சாமானைப் பக்கத்தில் வைத்து, ஒரே கரைசலில், ஒரே சமயத்தில் இரண்டையும் பரீட்சித்து ஒப்பிடுவதே சரி. நான் கரைசல் பாத்திரத்தை மண்பானை நீரில் இறக்கி வைத்து, காலை வேளையில் செய்து வருகிறேன். கொட்டகைக்கு வாங்கியதில் மிஞ்சி டப்பாவில் இருந்த போல்ட்டுகளை இவ்விதம் பரீட்சித்தபோது, முதல் நிமிஷம் முடியுமுன்பே தண்டு முழுதும் சிவந்துவிட்டது. முழுக்கி எடுத்த முலாமுள்ள போல்ட்டு நான்கு முழுக்குத் தாங்கி ஐந்தாவதில் திருகுப் புரியின் விளிம்பில் மட்டும் சிவந்தது. ஏழு வருஷங்களுக்கு முன் ஐந்து நிமிஷம் செலவிட்டிருந்தால் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

வேலை முடிந்த பின் கரைசலை வாய்க்காலிலோ குளத்திலோ கொட்டலாகாது. மீன்களுக்கு அது கடும் விஷம். அதில் சுண்ணாம்பு நீரைச் சேர்த்து, அடியில் தங்கும் வண்டலை நீர்நிலைகளுக்குத் தூரமாகப் புதைத்துவிடவும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைப்பது அவசியம்.

பிரீஸ் பரீட்சை முலாமின் மிக மெல்லிய இடத்தைக் காட்டுமேயன்றி, மொத்தத் துத்தநாகம் எவ்வளவு என்று சொல்லாது. கூரைத் தகட்டுக்கு நிறுவைப் பரீட்சையே பொருந்தும். தகட்டில் 120, 275 என்று குறித்திருப்பது, ஒரு சதுர மீட்டர் தகட்டின் இரு பக்கங்களிலும் சேர்த்து உள்ள துத்தநாகத்தின் கிராம் எடையாகும். ஆகவே 10 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு துண்டு வெட்டினால், 120 தரத்தில் 1.2 கிராமும், 275 தரத்தில் 2.75 கிராமும் துத்தநாகம் இருக்க வேண்டும். துண்டை நகைக்கடைத் தராசில் நிறுத்து, ஹைட்ரோகுளோரிக் திராவகத்தில் போட்டு, பொங்கும் நுரை அடங்கியவுடன் எடுத்துக் கழுவி உலர்த்தி மறுபடி நிறுத்தால், குறைந்த எடையே துத்தநாகத்தின் எடை. நுரை அடங்கிய பிறகும் விட்டு வைத்தால் இரும்பும் கரைந்து கணக்குத் தவறும். பரீட்சைச் சாலைகளில் இதைத் தடுக்க ஆண்டிமனி உப்புச் சேர்ப்பார்கள். வெளிப்படும் வாயு தீப்பற்றக் கூடியதாதலால் திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில், கையுறையோடு செய்ய வேண்டும். துத்தநாகத்தின் அடர்த்தி 7.14 ஆகையால், பக்கத்துக்கு 60 கிராம் என்பது சுமார் 8 மைக்ரான் கனமே. 275 தரத்தில் பக்கத்துக்குச் சுமார் 19 மைக்ரான் கிடைக்கும். கடைக்காரர் இரண்டையும் ஜி. ஐ. தகடு என்றே அழைக்கிறார்.

இக்கனங்களை வருஷங்களாக மாற்ற ஒரு வழியுண்டு. சர்வதேச நிர்ணயம் 9223-ன்படி துத்தநாகம் வருஷத்துக்கு, நடுத்தர அரிப்புள்ள இடங்களில் 0.7 முதல் 2.1 மைக்ரானும், மிகுதியான இடங்களில் 2.1 முதல் 4.2 மைக்ரானும், மிகமிக அதிகமான இடங்களில் 4.2 முதல் 8.4 மைக்ரானும் தேயும். சாரல் படும் கடற்கரையோரம் மூன்றாவதிலும், உள்ளே தள்ளிய நமது ஊர்கள் முதலிரண்டிலும் சேரும் என்பது என் மதிப்பு. 8 மைக்ரான் முலாம் மூன்றாம் இடத்தில் ஓரிரண்டு வருஷத்தில் தீரும். 50 மைக்ரான் ஆறு முதல் பன்னிரண்டு வருஷம் நிற்கும். இவை உத்தேசக் கணக்குகளே. ஆயினும் போல்ட்டு வாங்கும்போது இரண்டொரு ரூபாய் வித்தியாசத்தைப் பற்றித் தீர்மானிக்க இவ்வளவு போதும்.

தொழிற்சாலைகளில் உப்புப்புகைப் பரீட்சை என்பது பிரபலம். மூடிய பெட்டியில் 35 டிகிரி உஷ்ணத்தில், நூற்றுக்கு ஐந்து உப்புக் கரைத்த ஜலத்தை இடைவிடாமல் மூடுபனி போல் விசிறி, எத்தனை மணியில் துரு தோன்றுகிறது என்று பார்ப்பார்கள். அமெரிக்காவில் இதற்குரிய பி 117 என்னும் விதி 1939-ம் வருஷத்திலேயே வெளியாயிற்று. சாமான் விளம்பரங்களில் "ஐந்நூறு மணி தாங்கும்" என்று அச்சிட்டிருப்பது இதைக் குறிப்பதே. இம்மணிக் கணக்கை வருஷக் கணக்காக மாற்றிச் சொல்பவரை நம்ப வேண்டாம். வெளியில் கிடக்கும் துத்தநாகம் நனைந்தும் காய்ந்தும் வருவதால், காற்றிலுள்ள கரியமிலவாயுவோடு கூடி ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கிக்கொள்கிறது. பெட்டியிலோ அது காய்வதேயில்லை. ஆகவே பெட்டியில் தோற்ற நாகமுலாம் வயலில் ஜெயிப்பதும், பெட்டியில் ஜெயித்த வர்ணம் வயலில் தோற்பதும் உண்டு. ஒரே தொழிற்சாலையின் சரக்கு இம்மாதம் சென்ற மாதத்தைப் போல் இருக்கிறதா என்று பார்க்க அப்பரீட்சை உபயோகமானது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கலாகாது.

இதனாலேயே அறிஞர்கள் சாமானை இயற்கையான கடற்காற்றில் மாட்டி வைத்துப் பார்ப்பதை விடவில்லை. காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் அளித்த நிலத்திலும் பொருளிலும் எழுந்த மத்திய மின்ரஸாயன ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948-ம் வருஷம் ஜூலை 25-ந் தேதி ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரமிட்டார். 1953-ல் அது திறக்கப்பட்டது. அந்நிலையத்தார் மண்டபத்தில் கடலோரப் பரீட்சைக் களம் வைத்து, உலோகத் தகடுகளை வருஷக் கணக்கில் காற்றில் வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். மண்டபத்துக்கு அருகிலுள்ள பாம்பன் பாலம் 1914-ல் திறக்கப்பட்டது முதல் ஓயாமல் சுரண்டி வர்ணம் பூசப்பட்டே நின்றது. 2025 ஏப்ரல் 6-ந் தேதி திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருவேறாத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் என்னும் விசேஷ வர்ணமும் உபயோகித்திருப்பது, நூறு வருஷ அனுபவத்தின் பயன். அந்த ஜலசந்தியின் காற்றுக்கும் நம் காற்றுக்கும் அளவில் பேதமுண்டு, ஜாதி ஒன்றே.

குடியானவர்கள் இதைச் சிறிய அளவில் தாங்களே செய்யலாம். லிட்டருக்கு 50 கிராம் உப்புக் கரைத்து, கைத் தெளிப்பானால் காலையும் மாலையும் சாமானின் மேல் தெளித்து, இடையில் காய விடவும். நனைந்தும் காய்ந்தும் வருவதால் மூடிய பெட்டியைக் காட்டிலும் இது வயலின் நிலைமைக்குக் கிட்டியது. ஒவ்வொரு தடவையும் நல்லதென்று தெரிந்த துண்டு ஒன்றும், முலாமில்லாத வெறும் இரும்புத் துண்டு ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். வெள்ளைப் பொடி தோன்றினால் துத்தநாகம் தேய்கிறது என்றும், செந்துரு தோன்றினால் அது தீர்ந்தது என்றும் அறிக. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர் பலர்.

வர்ணம் பூசிய சாமானுக்கு, அதாவது கேஜ் வீல், கலப்பைச் சட்டம், மதகுக் கதவு முதலியவற்றுக்கு, முதலில் பார்க்க வேண்டியது வர்ணம் இரும்பில் பிடித்திருக்கிறதா என்பதே. புதுப் பிளேடால் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இரும்பு தெரியும்படி ஆறு கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே ஆறு கோடுகளும் கீறி, இருபத்தைந்து சிறு கட்டங்களாக்கி, ஒட்டு நாடாவை அழுத்தி ஒட்டி இழுக்கவும். வர்ணம் 60 மைக்ரானுக்கு மேல் கனமாயிருந்தால் இடைவெளி இரண்டு மில்லிமீட்டர் வேண்டும். கட்டங்கள் ஒன்றும் பெயராவிட்டால் உத்தமம். மூன்றில் ஒரு பங்கு பெயர்ந்தால் துருவின் மேலேயோ எண்ணெய்ப் பிசுக்கின் மேலேயோ வர்ணம் அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். அடுத்து, வேறோர் இடத்தில் பெருக்கற் குறி போல் இரும்பு வரையில் கீறி, உப்பு ஜலம் தெளித்து வரவும். ஒரு மாதம் கழித்துக் கீறலின் ஓரத்தை நகத்தால் நெம்பினால், வர்ணத்துக்கு அடியில் துரு எவ்வளவு தூரம் ஊர்ந்திருக்கிறது என்பது தெரியும். கீறலோடு நின்றது நல்ல வேலை. வயலில் கல்லும் வரப்பும் உராயாத கேஜ் வீல் கிடையாது. ஆகவே கீறாத வர்ணத்தைப் பரீட்சிப்பதில் அதிகப் பிரயோஜனமில்லை. நாகமுலாமின் மேல் தகுந்த வர்ணமும் பூசினால், இரண்டும் தனித்தனியே உழைக்கும் காலங்களின் கூட்டுத்தொகையைவிட அதிக காலம் உழைக்கும்.

உரம் வைக்கும் அறையும் மாட்டுக் கொட்டிலும் தனிக் கவனத்துக்குரியவை. அமோனியம் உப்புகள் துத்தநாகத்தைக் கடற்காற்றைப் போலவே அரிக்கும். பித்தளைக்கும் அமோனியா ஆகாது. பிரிட்டிஷ் பட்டாளத்தாரின் பித்தளைத் தோட்டாக்கள் இந்தியாவில் மழைக்காலத்தில் தாமே வெடித்துப் பிளந்து வந்ததன் காரணம், குதிரை லாயங்களிலிருந்து வந்த அமோனியாவே என்று 1921-ல் நிச்சயிக்கப்பட்டது. ஆகவே தெளிப்பான்களின் பித்தளை மூக்குகளை யூரியா மூட்டைகளோடு சேர்த்து வைக்க வேண்டாம்.

தகட்டை அறுத்த விளிம்பு, துளையிட்ட இடம், பற்றவைத்த இடம் இவற்றில் முலாம் இல்லை என்பதை மறந்து, பரீட்சையில் தேறிய தகட்டைக் கொண்டே கொட்டகை கெட்டதுமுண்டு. அவ்விடங்களில் துத்தநாகப் பொடி நிறைந்த வர்ணத்தை இரு தடவை பூச வேண்டும். வாஷருக்கு அடியில் ரப்பர் வளையம் வைத்தால் ஜலம் தங்குவது குறையும்.

மேற்கண்ட கிராமத்துக் கொட்டகை முழுக்கு முலாம் போல்ட்டுகளைக் கொண்டு மறுபடி வேயப்பட்டிருக்கிறது. வாங்கிய ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் இரண்டு போல்ட்டுகளை எடுத்து, அந்தப் பெரியவர் முன்னிலையிலேயே பரீட்சித்த பிறகே மீதியை ஏற்றுக்கொண்டார்கள். தங்கள் சாமானையும் பரீட்சித்துப் பார்க்க விரும்பும் குடியானவர்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு மாதிரி கொண்டுவர வேண்டும். ஒன்று பரீட்சையில் கெட்டுப்போகும். மற்றது ஒப்பிடுவதற்கு வேண்டும். காலை ஒன்பது மணிக்குள் வருவது உத்தமம், வெயில் ஏறினால் கரைசல் சூடாகிவிடும்.